நான் எழுதித் தராத விதி

ஆதாரமில்லாமல் ஒரு மாணவியின் இன்டர்னல் மதிப்பெண்ணைக் குறைத்தேன். 2024இல், முதுகலை ஆங்கில வகுப்பில் நடந்தது. அவளுடைய அசைன்மென்டில் பெரும்பகுதி செயற்கை நுண்ணறிவு எழுதியது என்று ஒரு மென்பொருள் காட்டியது. "நானேதான் எழுதினேன் மேடம்" என்று, கையால் எழுதிய முதல் வரைவை எடுத்து வந்தாள். நான் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

பருவத் தொடக்கத்தில் நான் சொன்னது ஒரே வாக்கியம்: "ஏஐ பயன்படுத்தக் கூடாது." இலக்கணம் திருத்திக்கொள்ளலாமா, தமிழில் யோசித்ததை ஆங்கிலமாக்கிப் பார்க்கலாமா, கடினமான கட்டுரையைச் சுருக்கித் தரச் சொல்லலாமா? எதையும் சொல்லவில்லை. சொல்லுமளவுக்கு நான் யோசிக்கவே இல்லை. அதே பருவத்தில் என் வினாத்தாளுக்குச் சாட்ஜிபிடியின் உதவியை எடுத்துக்கொண்டேன். அதையும் வகுப்பில் மறைத்தேன்.

அந்த மாதிரி மென்பொருளை நம்ப முடியாது என்று தெரிந்துகொள்ள வழியில்லாமல் போகவில்லை. ஓப்பன்ஏஐ நிறுவனம் ஏஐ எழுத்தைக் கண்டறியும் தன் சொந்தக் கருவியையே துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுவிட்டது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை அது இயந்திரத்தின் எழுத்து என்று தவறாகச் சொன்னது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய 91 டோஃபல் ஆங்கிலத் தேர்வுக் கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேலானவற்றை அவை இயந்திரத்தின் கணக்கில் சேர்த்தன. அடுத்து வரும் சொல்லை எளிதாக ஊகிக்க முடிகிற எழுத்தை இந்தக் கருவிகள் சந்தேகிக்கின்றன. தமிழ் வழியில் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் அப்படித்தான் எழுதுவார்கள்: குறைந்த சொற்கள், பிழை வராத வாக்கியங்கள், பழகிய தொடர்கள். அப்படி எழுதச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். சொன்னபடி எழுதியவளைத்தான் தண்டித்தேன்.

பிறகு அவளைத் தேடிப் பேசி மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை மேடம்" என்றாள். பரவாயில்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை.

இப்போது ஒவ்வொரு அசைன்மென்டுக்கும் எதற்கு அனுமதி, எதற்கு இல்லை என்று எழுதித் தருகிறேன். பயன்படுத்தினால் எங்கே, எதற்கு என்று கடைசிப் பக்கத்தில் குறிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் நேரில் உட்காரவைத்து அவர்கள் எழுதியதைப் பற்றியே கேட்கிறேன். எழுதியவருக்கும் எழுதாதவருக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அந்தப் பேச்சிலேயே தெரிந்துவிடுகிறது.

சக ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: பருவம் தொடங்குமுன் விதியை எழுதிக் கொடுங்கள், மாணவர்கள் அதைக் கேள்வி கேட்க நேரம் கொடுங்கள். மென்பொருள் காட்டும் சதவீதத்தை மட்டும் நம்பி யாருடைய மதிப்பெண்ணிலும் கைவைக்காதீர்கள்.