சர்வீஸ் புக் இல்லாத குதிரை

ஒரகடம் கூட்ரோட்டில் பத்து நிமிஷம் நின்றால் போதும். புது லாரி, புது புல்லட், சீட்டில் பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காத புதுக் கார் என்று வரிசையாகப் போகும். 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2012ல் ஒரகடத்தில் டெய்ம்லர் லாரி, 2013ல் ராயல் என்ஃபீல்ட் என்று இந்த ரோட்டுக்கே வாகனம்தான் பிழைப்பு. எல்லாவற்றையும் அளப்பது குதிரைத்திறன் கணக்கில். இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக்கே இருக்கிறது. ஆனால் அதில் ஓடுவது காரும் பைக்கும்தான்!

அசல் குதிரையைப் பார்க்க வேண்டுமென்றால் மாப்பிள்ளை அழைப்புக்கோ ஊர்வலத்துக்கோ வாடகைக்கு வருவதைப் பார்த்தால்தான் உண்டு. இல்லாவிட்டால் மெரினாவுக்குப் போக வேண்டும்.

புது பைக் வாங்கினால் கையில் ஒரு சர்வீஸ் புக் கொடுப்பார்கள். முதல் சர்வீஸ் எப்போது, ஆயில் எப்போது மாற்றணும், டயரில் காற்று எவ்வளவு, எல்லாம் அதில் இருக்கும். குதிரை வாங்கினால் கயிறு மட்டும்தான் கைக்கு வரும். பராமரிப்பு தெரிந்தவர் வாங்கினால் பிழைத்தது. தெரியாதவர் வாங்கினால் என்ன ஆகும்? அதற்குத் தமிழ்நாட்டு வரலாற்றிலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசி. பாண்டியர் ஆட்சி. தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் காயல் துறைமுகம். ஹோர்முஸ், கிஷ், ஏடன் பக்கமிருந்து கப்பல் கப்பலாக அரபுக் குதிரைகள் வந்து இறங்குகின்றன. 1290களில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்திருப்பது இதுதான்: அரசன் வருஷத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேல் குதிரை வாங்குகிறான், அவன் சகோதரர்களும் அதே அளவு வாங்குகிறார்கள், ஆனால் வருஷக் கடைசியில் நூறுகூடத் தேறுவதில்லை. காரணம், குதிரையைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆளே இங்கே இல்லையாம்.

அதைவிட முக்கியமான ஒன்றையும் சொல்கிறார். குதிரை வைத்தியம் தெரிந்தவர்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வர வியாபாரிகள் விடுவதில்லையாம். குதிரை செத்தால்தானே அடுத்த வருஷமும் ஆர்டர் வரும்! காமர்ஸ் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்த இடம் உடனே புரியும். விற்றவனுக்கு லாபம் விற்பனையில் மட்டும் இல்லை, பொருள் சீக்கிரம் கெட்டுப்போவதிலும் இருக்கிறது.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் கணக்கே கொடுக்கிறார். ஒரு குதிரை 220 தினார் பொன். வருஷத்துக்குப் பத்தாயிரம் குதிரை என்றால் 22 லட்சம் தினார். கடலில் செத்த குதிரைக்கும் பாண்டியன் கஜானாதான் காசு கொடுத்ததாம். ரிஸ்க் முழுக்க வாங்குபவன் தலையில்! பயணிகள் சொல்லும் எண்ணில் கொஞ்சம் காற்று இருக்கும், பாதியைத் தள்ளிவிடலாம். தள்ளினாலும் மிச்சம் இருப்பது பயங்கரமான தொகை. மாணிக்கவாசகர் கதையில் குதிரை வாங்கக் கொடுத்த பணம் கோயிலுக்குப் போனதும் பாண்டியனுக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்பது இந்தக் கணக்கைப் பார்த்தால் புரியும்.

சரி, அந்தக் குதிரைகள் ஏன் செத்தன? போலோவும் வஸ்ஸாஃபும் சொல்லும் தீனியைப் பாருங்கள். சோறும் கறியும் சேர்த்துச் சமைத்துப் போட்டார்கள் என்கிறார் ஒருவர். வறுத்த தானியத்தில் நெய் சேர்த்து, காய்ச்சிய பாலும் கொடுத்தார்கள் என்கிறார் இன்னொருவர். நாற்பது நாள் லாயத்தில் முளையடித்துக் கட்டி வைத்துக் கொழுக்க வைத்தார்களாம். அப்புறம் பழக்காமலே ஏறி விரட்டினார்களாம். அன்பில் குறை இல்லை, பாருங்கள். வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையைக் கவனிப்பது மாதிரிதான் கவனித்திருக்கிறார்கள்!

ஆனால் குதிரை வயிறு அப்படி இல்லை. உடம்பு பெரிசு, இரைப்பை சின்னது, 8 முதல் 15 லிட்டர்தான். புல்லின் நாரைச் செரிக்கும் வேலை பின்னால் குருட்டுக்குடலிலும் பெருங்குடலிலும் நடக்கிறது. அங்கே இருக்கும் நுண்ணுயிர்களுக்குப் புல் வேண்டும். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வேண்டும். ஒரே நேரத்தில் ஏகப்பட்ட சோறும் தானியமும் உள்ளே போனால் செரிக்காத மாவு பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கிறது. வயிறு உப்பும், வலி வரும். குதிரைக்கு வாந்தி எடுக்கவும் முடியாது, உள்ளே போனது பின்பக்கமாகத்தான் வெளியே வரணும். தப்பிப் பிழைத்தாலும் அந்தப் புளிப்பின் விஷம் குளம்புக்குள் வீக்கத்தைக் கொண்டுவரும். அப்புறம் நிற்கக்கூட முடியாது.

இதோடு நம்ம வெயில் வேறு. மனிதன் மாதிரியே குதிரையும் வியர்வையால்தான் உடம்பைக் குளிர வைக்கிறது. வெப்பமும் ஈரக்காற்றும் சேர்ந்த கடலோர ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுபோகும். வெளியூரிலிருந்து வந்த குதிரை என்றால் இன்னும் கஷ்டம். நல்ல வெயிலில் ஓடி வந்த குதிரையின் தோல் காய்ந்திருந்தால், ‘பரவாயில்லையே, வியர்க்கவே இல்லை’ என்று சந்தோஷப்படக் கூடாது. உடனே நிழலும் தண்ணீரும் டாக்டரும் தேவை.

எழுநூறு வருஷத்துக்கு அப்புறம் இதெல்லாம் தெரியும். அப்படியானால் இன்றைக்கு ஒரு குதிரைக்கு சர்வீஸ் புக் எழுதினால் அதில் என்ன இருக்கும்?

தினமும் உடம்பு எடையில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் காய்ந்த தீவனம். 300 கிலோ குதிரை என்றால் நாலரை முதல் ஆறு கிலோ, அதில் பெரும்பங்கு புல். கொள்ளு ஊறவைத்துக் கொடுக்கலாம், ஆனால் அது ஊறுகாய் மாதிரி, சாப்பாடு இல்லை. வெறும் வைக்கோலை மட்டும் போட்டால் குடல் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் சாதாரண நாளில் 25 லிட்டருக்கு மேல், கோடையில் வேலை செய்தால் இரட்டிப்பாகக்கூடப் போகும். தண்ணீர் குறைந்தாலும் குடல் அடைக்கும். குளம்பைத் தினம் தூக்கிப் பார்த்து அடியில் மாட்டிய கல், ஆணி, சேறு எடுக்கணும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவி லாடம் மாற்றணும். டெட்டனஸ் தடுப்பூசி கட்டாயம், ஏனென்றால் வீட்டு விலங்குகளில் டெட்டனஸுக்கு ரொம்ப எளிதில் சாய்வது குதிரைதான். லாரி ஷெட்டும் இரும்புத் துண்டும் நிறைந்த ஒரு ரோட்டில் இதை அழுத்திச் சொல்லியே ஆகணும்.

நோய் இருக்கிறதா என்று பார்க்க வாட்ச் போதும். சும்மா நிற்கும்போது நாடி நிமிஷத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. ஈறு இளஞ்சிவப்பாக இருக்கணும். விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்பணும். காலால் தரையைச் சுரண்டுவது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, படுத்துப் புரள்வது, இதெல்லாம் வயிற்று வலி. காலைவரை பார்க்கலாம் என்று விடுகிற விஷயம் இல்லை.

இவ்வளவும் கண்ணுக்குத் தெரிவது. தெரியாமல் தின்பது புழு.

மேய்ந்த புல்லோடு புழுவின் குஞ்சு உள்ளே போகிறது. குடலில் வளர்கிறது, முட்டை போடுகிறது. முட்டை லத்தியோடு வெளியே வருகிறது. சூடும் ஈரமும் இருந்தால் ஒரு வாரத்தில் குஞ்சு ரெடி, ஈரப் புல்லில் ஏறி உட்கார்ந்திருக்கும். பெரிய மேய்ச்சல் நிலத்தில் குதிரை தன் லத்தி கிடக்கும் பக்கம் மேயாது. அது அதற்கு இயற்கை கொடுத்த புத்தி. ஆனால் சுற்றிலும் கம்பெனி, கோடவுன், பிளாட் என்று ஆனபின் பத்து சென்ட் இடத்தில் கட்டிப்போட்ட குதிரை எங்கே போகும்? லத்தி போட்ட இடத்திலேயேதான் மேயணும். கத்திரி வெயிலில் இந்தக் குஞ்சுகள் காய்ந்து சாகும். வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்த மாதங்கள்தான் ஆபத்து.

இந்தப் புழுக்களில் ஒரு பெரிய வகை, குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்க்குள்ளேயே குடியிருந்து அடைக்கும். அதனால் செத்த குதிரைகள் ஏராளம். அதை ஒழிக்க 1966ல் அமெரிக்காவின் கென்டக்கி ஆய்வாளர்கள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லாக் குதிரைக்கும் மருந்து கொடுங்கள் என்றார்கள். ரொம்ப நன்றாக வேலை செய்தது. எண்பதுகளில் ஐவர்மெக்டினும் வந்தது. ஜப்பானின் ஒரு மண்ணிலிருந்து கிடைத்த நுண்ணுயிரில் தொடங்கிய மருந்து அது, 2015ல் நோபல் பரிசு வாங்கிக் கொடுத்தது. பெரிய புழு ஏறக்குறைய அடங்கிப்போனது.

பிரச்சனை அப்புறம்தான். மருந்துக்குத் தப்பிய சின்னப் புழுக்கள் பெருகின. இன்று உலகம் முழுக்க அவற்றில் பல, ஃபென்பென்டசோல் வகை மருந்தைக் கண்டால் சட்டையே செய்வதில்லை. குதிரைக்கான புழு மருந்து என்று பார்த்தால் முக்கியமாக மூன்றே குடும்பம்தான். ஒன்று போய்க்கொண்டிருக்கிறது. புதுக் குடும்பம் எதுவும் வாசலில் நிற்கவில்லை.

பைக்குக்குச் சரியான தேதி பார்த்து சர்வீஸ் இங்கே தப்பாகிவிடுகிறது. வளர்ந்த குதிரைகளில் சுமார் 20 சதவீதம்தான் 80 சதவீத முட்டையைப் போடுகின்றன. மிச்சக் குதிரைகளுக்கு அடிக்கடி மருந்து கொடுப்பது காசை ஊற்றிப் புழுவுக்கு டியூஷன் எடுப்பது மாதிரி! அதனால் இப்போது டாக்டர்கள் சொல்வது, முதலில் லத்தியை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்று எண்ணுங்கள் என்பதுதான். 200க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் அவசரம் இல்லை. 500க்கு மேல் என்றால் மருந்து. கொடுத்த 14ஆம் நாள் மறுபடி எண்ணினால், மருந்து வேலை செய்ததா, வெறும் ரசீதுதானா என்பது தெரிந்துவிடும். குட்டிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவற்றுக்கு டாக்டர் தனி அட்டவணை போடுவார்.

இன்னொரு தப்பு, எடையைக் குத்துமதிப்பாகச் சொல்வது. குறைந்த டோஸ் புழுவைக் கொல்லாது, பழக்கிவிடும். எடை மேடை இல்லாவிட்டாலும் தையல் டேப் இருந்தால் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து பிட்டம்வரை நீளம், இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுக்கணும். 160 சுற்றளவு, 140 நீளம் என்றால் சுமார் 302 கிலோ. மருந்து எது, எவ்வளவு என்பது டாக்டர் வேலை. மாட்டுக்கு வாங்கிய ஊசியில் மீதியைக் குதிரைக்குப் போடும் வேலை மட்டும் வேண்டாம். ஐவர்மெக்டின் ஊசி போட்ட இடத்தில் கடும் தொற்று வந்ததால்தான் குதிரைக்கான ஊசி வடிவத்தையே கைவிட்டு வாய்வழி மருந்துக்கு மாறினார்கள்.

மாடு பக்கத்தில் இருந்தால் இன்னொரு தொல்லை. மாட்டின் வயிற்றுக்குள் பெரிய தொந்தரவு இல்லாமல் வாழும் ஒரு நூல்புழு, கொசு வழியாகக் குதிரைக்கு வந்தால் வழிதவறி முதுகுத்தண்டுக்கோ கண்ணுக்கோ போய்விடும். பின்னங்கால் தள்ளாடும். இதற்கு கும்ரி என்று பெயர். முன்னங்கால் முடியில் மஞ்சளாகச் சின்னச் சின்ன முட்டை ஒட்டியிருந்தால் அது வேறு, வயிற்றுக்குள் மாதக்கணக்கில் தங்கும் ஈப்புழுவுடையது. அதைச் சுரண்டி எடுத்துவிடலாம்.

மருந்தைவிட மலிவானது மண்வெட்டி. வாரம் இரண்டு முறை லத்தியை அள்ளி, குவித்து மக்க வைத்தால் உள்ளே ஏறும் சூட்டில் முட்டையும் குஞ்சும் சாகும். எரு தோட்டத்துக்குப் போகும். அள்ளாமல் பரப்பிவிட்டால் புழுவுக்கு நாமே பஸ் ஏற்பாடு செய்த மாதிரி.

பாண்டியனுக்கு இல்லாத வசதி இப்போது இருக்கிறது. 1903ல் சைதாப்பேட்டையில் டாபின் ஹால் என்ற சின்னக் கட்டடத்தில் தொடங்கி, பிறகு வேப்பேரிக்குப் போன சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி ஒரகடத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர்தான். அங்கே ஒட்டுண்ணிகளுக்கென்றே தனித் துறை இருக்கிறது. பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டாலும் எங்கே கொடுப்பது என்று வழி சொல்வார்கள். லத்தி அன்றைக்குப் போட்டதாக இருக்கணும். ஒரு கைப்பிடி எடுத்து, பாலித்தீன் கவரில் காற்றை வெளியேற்றிக் கட்டி, குதிரை பெயரும் தேதியும் எழுதி, ஐஸ் பக்கத்தில் குளிர்ச்சியாக எடுத்துப் போகணும். வண்டி சீட்டுக்கு அடியில் வைத்து வெயிலில் போனால் வழியிலேயே முட்டை பொரிந்துவிடும், எண்ணுவதற்கு ஒன்றும் இருக்காது.