பிழையைப் பொறுக்கும் மட்டை

 

மாதம் முடியும்போது "பிள்ளைக்கு என்ன பெட் வாங்கலாம் சேர்?" என்று கேட்டு வரும் பெற்றோர் பலர். எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறோம். முதலில் நாங்கள் விட்ட பிழையைச் சொல்லிவிடுகிறோம்.

பழைய மாணவர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து பாடசாலைக்குக் காசு அனுப்பினார். அந்தக் காசில் விலை கூடிய இங்கிலிஷ் வில்லோ மட்டைகள் இரண்டை வாங்கினோம், இரண்டும் பெரியவர்களுக்கான அளவு. நல்ல சாமான் கொடுத்தால் பிள்ளைகள் நன்றாக விளையாடுவார்கள் என்பதுதான் எங்கள் கணக்கு.

தரம் ஆறில் ஒரு மெலிந்த பையன். கடினப்பந்து விளிம்பில் பட்டதும் மட்டை கையில் திரும்பிவிட்டது, மணிக்கட்டும் நொந்தது. மற்றவர்கள் சிரித்தார்கள். நாங்களும் "பிடியை இறுக்கடா" என்றுதான் சொன்னோம். அடுத்த கிழமை அவன் பந்து பொறுக்க மட்டும் நின்றான். அதற்கடுத்த கிழமை வரவேயில்லை.

ஒரு மாதம் கழித்து, பின்னேரம் குளக்கட்டால் வரும்போது அவனைக் கண்டோம். தென்னை மட்டையைச் செதுக்கி, டென்னிஸ் பந்தை விளாசிக்கொண்டிருந்தான். அதே பையன், அதே கை. அப்போதுதான் பிழை எங்கே என்று விளங்கியது.

கோல்ப் விளையாட்டில் இதற்கு ஒரு கதை உண்டு. நுவரெலியாவில் 1889 முதல் கோல்ப் கழகம் இருக்கிறது, ஆனால் நம் பக்கத்துப் பிள்ளைகள் அந்தக் கோலைத் தொட்டதில்லை. அமெரிக்காவில் கார்ஸ்டன் சோல்ஹைம் என்ற பொறியியலாளர் 1959 இல் ஒரு கோல் செய்தார். அதன் தலையில் இருந்த பாரத்தை நடுவில் குவிக்காமல் இரு ஓரங்களுக்கும் பிரித்து வைத்தார். பந்து நடுவில் படாவிட்டாலும் கோல் அதிகம் திரும்பாது. புதிதாகப் பழகுபவரின் பிழையைப் பொறுக்கும் கோல்களை இன்றும் இந்த முறையில்தான் செய்கிறார்கள்.

கிரிக்கெட்டில் அந்தப் பொறுமையை நாங்கள் முதலில் தேட வேண்டியது அளவிலும் பாரத்திலும்தான்.

ஏறத்தாழ 145 முதல் 150 சென்ரிமீற்றர் உயரமுள்ள பிள்ளைக்கு 5 ஆம் இலக்க மட்டை பொருந்தும். "வளருவான்தானே" என்று பெரிதாக வாங்க வேண்டாம். அது சப்பாத்துக்குச் சரி, மட்டைக்குச் சரிவராது. பெரியவர்களின் மட்டை ஒரு கிலோவைத் தாண்டும். கடையில் ஒரு சோதனை செய்யுங்கள்: பிடியில் மேலே வரும் கையால் மட்டும் மட்டையைப் பிடித்து, கையை நேராக நீட்டிச் சில விநாடிகள் நிற்கச் சொல்லுங்கள். கை நடுங்கினாலோ தாழ்ந்தாலோ அந்த மட்டை வேண்டாம்.

தொடங்கும் பிள்ளைக்குக் காஷ்மீர் வில்லோ போதும். விலையும் குறைவு, முரட்டுப் பாவிப்பையும் தாங்கும். ஆனால் இங்கிலிஷ் வில்லோவைவிடக் கொஞ்சம் பாரம் கூட, ஆகவே தூக்கிப் பார்த்தே வாங்குங்கள். கடினப்பந்துக்கு என்றால் ஆளிவிதை எண்ணெய் பூசி, மரச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பதப்படுத்த வேண்டும். மென்பந்து மட்டையால் கடினப்பந்தை அடித்தால் வெடித்துவிடும்.

பிறகு அவன் வீட்டுக்குப் போனோம். "மட்டைதானடா பிழை, நீ இல்லை" என்றோம். தலை குனிந்தபடி, "நீங்களும் சிரிச்சனீங்கள் சேர்" என்றான். அந்த இடத்தில் எங்களுக்குப் பேச்சு வரவில்லை. மன்னிப்புக் கேட்டோம்.

இப்போது 5 ஆம் இலக்க மட்டையோடு வருகிறான். இன்னும் நாலு பந்துக்கு இரண்டைத் தவறவிடுகிறான். ஆனால் அடுத்த பந்துக்கும் நிற்கிறான். எங்களுக்கு அது போதும்.

விலை கூடிய அந்த இரண்டு மட்டைகளும் உயர்தர மாணவர்களிடம் இருக்கின்றன. உங்கள் வீட்டில் பிள்ளை வளர்ந்து, சும்மா கிடக்கும் சின்ன மட்டை இருந்தால் எங்களிடம் தாருங்கள். ஒரு மட்டைக்கு எட்டுப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள்.

பழகும் பிள்ளை பிழை விடத்தான் செய்யும். அதை மட்டையும் பொறுக்க வேண்டும், பக்கத்தில் நிற்கும் நாங்களும் பொறுக்க வேண்டும்.