காரணம் எது, காரியம் எது?

புகையைக் கண்டு நெருப்பை உணர்தல் அநுமானம் என்பர் தருக்க நூலார். புகைதான் நெருப்பை மூட்டியது என்று ஒருவர் சாதிப்பாராயின் சிறு பிள்ளையும் நகைக்கும். ஆயின், அத்தகையதொரு வாதம் முத்திரையும் ஒப்பமும் பெற்ற கடிதமாக நமது வீட்டுக்கு வந்து சேருமாயின் நகைத்துவிட்டு வாளா இருத்தல் இயலுமா? அண்மையில் நமக்கு வாய்த்த அநுபவம் அத்தகையதே.

கல்லூரிக்குரிய வினாத்தாள்களை ஆக்குவதற்கும், உயர்தர வகுப்பிற் பயிலும் மகளின் படிப்புக்கும் உதவுமெனச் சென்ற ஆண்டு ஒரு மடிக்கணினி வாங்கினோம். ஆசிரியச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு அது சிறு செலவன்று. பல மாதச் சேமிப்பு அதனுள் அடங்கியது. விற்றவர்கள் ஓராண்டு உத்தரவாதம் எழுதித் தந்தனர். பத்தாம் மாதத்தில் ஒருநாள் மகள், "அப்பா, மேசையில வைச்சால் இது ஆடுது, மூடியும் பொருந்துதில்லை" என்றாள். எடுத்துப் பார்த்தோம். விரலால் தடவும் தொடுபலகை ஒரு புறம் எழும்பி நின்றது. அடித்தகடு நடுவிலே புடைத்திருந்தது. பற்றறி என்று நாம் வழங்கும் மின்கலம் உள்ளே வீங்கியிருந்தது.

இவ்வீக்கம் எவ்வாறு உண்டாகின்றது என்பதை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. இக்காலத்து மடிக்கணினிகளில் உள்ளவை இலிதியம் அயன் மின்கலங்கள். 1991ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் இவற்றை முதன்முதலாக விற்பனைக்குக் கொணர்ந்தது. இவற்றின் ஆக்கத்துக்கு வழிவகுத்த ஜோன் குடினவ், ஸ்ரான்லி விற்றிங்காம், அக்கிரா யோஷினோ ஆகிய மூவரும் 2019ஆம் ஆண்டிலே இரசாயனவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். மெலிந்த கருவிகளில் இக்கலங்கள் பெரும்பாலும் உலோகக் குழாயிலன்றி, அலுமினியப் படலம் சேர்ந்த மெல்லிய உறையிலே அடைக்கப்படுகின்றன. உள்ளே இலிதிய உப்புக் கரைந்த சேதனத் திரவம் உண்டு. கடும் வெப்பத்தாலோ, மிகை மின்னேற்றத்தாலோ, முழு மின்னேற்றத்திலே நெடுநாள் இருப்பதாலோ, ஆக்கும்போது நேர்ந்த குறையாலோ அத்திரவம் சிதையும். அப்பொழுது காபனீரொட்சைட்டு, எதிலீன் முதலிய வாயுக்கள் தோன்றும். வெளியேற வழியின்மையால் அவை உறையை ஊதச் செய்கின்றன.

அன்று மாலை வந்த அயலவர் ஒருவர், "ஊசியாலே மெல்லக் குத்திக் காற்றை விட்டால் பழையபடி ஆகிவிடும், மாஸ்ரர்" என்றார். நல்லெண்ணத்தோடு கூறிய சொல்தான். ஆயினும் வீட்டையே எரிக்கவல்ல சொல். கலத்தினுள்ளே நேர்த்தகடும் எதிர்த்தகடும் மெல்லிய தாளொன்றினாலே பிரிக்கப்பட்டுள்ளன. ஊசி அதனைத் துளைத்தால் இரண்டும் தொட்டுக் குறுஞ்சுற்று உண்டாகும், வெப்பம் பெருகும், உள்ளிருக்கும் திரவமோ எளிதிலே தீப்பற்றுவது. ஆதலின் வீங்கிய கலத்தைக் குத்துதலும் அமுக்குதலும் வளைத்தலும் கூடா. மின்னேற்றத்தை உடனே நிறுத்திக் கருவியை அணைத்து, எரியக்கூடிய பொருள்கள் இல்லாத காற்றோட்டமான இடத்திலே வைத்தல் வேண்டும். பின் தேர்ந்த ஒருவரைக்கொண்டே கழற்றுவித்தல் முறை. வீட்டுக் குப்பையோடு எறிதலும் ஆகாது.

கருவியைக் கடையிலே ஒப்படைத்தோம். இரு வாரங்களின் பின் விற்பனை நிறுவனத்தின் கடிதம் வந்தது. "கருவியின் உடல் வளைந்துள்ளது. வெளி அழுத்தத்தால் நேர்ந்த சேதத்துக்கு உத்தரவாதம் செல்லாது" என்பது அதன் சாரம். உடல் வளைந்தமையால் கலம் கெட்டதாம்! கலம் வீங்கியமையாலன்றோ உடல் வளைந்தது? காரியத்தையே காரணமாக்கிக் கதவை மூடிவிட்டனர்.

நாம் சினந்து எழுதவில்லை. வெளியிலிருந்து அமுக்கினால் தகடு உட்புறம் குழியும். இங்கோ அது உள்ளிருந்து வெளிப்புறம் புடைத்துள்ளது. மேலே கீறலோ நசிவோ இல்லை. இவற்றைப் படங்களுடன் எழுதி, வெளி அழுத்தம் எவ்விடத்தில் நேர்ந்தது என்பதைப் பரிசோதித்தவரே எழுத்தில் காட்டுமாறு கேட்டோம். வணிகர் விற்கும் பொருள் விற்பனைக்கேற்ற தரத்தோடு இருத்தல் வேண்டும் என்னும் கொள்கை, நமது நாட்டில் 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே இடம்பெற்றுள்ளது. உத்தரவாதத்துக்கு இணங்காத பொருள் பற்றிய முறைப்பாட்டை விசாரிக்கும் அதிகாரத்தை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு வழங்கியுள்ளது. இவ்விரண்டையும் கடிதத்தின் இறுதியிலே அடக்கமாகக் குறித்தோம்.

மறுமொழி வந்தது. "வெளி அழுத்தம்" என்னும் சொல் அதிலே காணப்படவில்லை. பிழையை ஒப்பினார்களா என்றால் அதுவும் இல்லை. "நல்லெண்ணத்தின் பேரில்" புதிய கலத்தைப் பாதி விலைக்குத் தருவதாக எழுதியிருந்தனர். நாம் வேண்டியது நல்லெண்ணமன்று, நியாயம். எனினும் மகளின் பரீட்சை அண்மித்திருந்தது. பாதி விலையைச் செலுத்தினோம். பழைய கலத்தை அவர்களே பொறுப்பேற்றனர்.

முழு வெற்றி என்று இதனைச் சொல்லமாட்டோம். ஆயினும் முதற் கடிதத்தோடு ஓய்ந்திருந்தால் முழு விலையும் நம்மைச் சார்ந்திருக்கும். மறுப்பு என்பது பல வேளைகளில் முடிவன்று; கேட்பவர் எவ்வளவு தூரம் கேட்பார் என அளந்து பார்க்கும் கோல் அது. வாசகர்களே, பற்றுச்சீட்டைப் பேணுங்கள், பழுதைக் கண்டவுடன் படம் எடுங்கள், மறுப்பவரிடம் காரணத்தை எழுத்திலே கேளுங்கள், முறையிடுவதாயின் காலந்தாழ்த்தாதீர்கள். வாயாற் சொன்ன காரணம் காற்றோடு போய்விடும். எழுதிய காரணத்துக்கே மறுப்பு எழுத முடியும்.