டேலி ஆகாத பையன்!

பி.காம். படித்தவனுக்குக் கிராமத்தில் ஒரு தனி மரியாதை உண்டு. கும்பாபிஷேக வசூலா, கூழ் ஊற்றும் திருவிழாவா, கல்யாண மொய்யா... "கூப்புடுறா அவனை, நோட்டைக் கையில குடு" என்பார்கள். (என் பாங்க் பாஸ் புத்தகத்தை அவர்கள் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் கூப்பிடமாட்டார்கள்.) அப்படித்தான் ஒரு கிராம சபைக் கூட்டத்தில், ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்த அடியேன், டம்ளரைக் கீழே வைப்பதற்குள் 'கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு'வில் உறுப்பினர் ஆகிவிட்டேன். தலைவர் சொன்ன ஒரே தகுதி: "பத்திரிகைல எல்லாம் எழுதறாரு. மினிட்ஸ் எழுதமாட்டாரா?"

எங்கள் ஊர் உத்திரமேரூருக்குப் பக்கம். குழு என்றாலே எங்கள் வட்டாரத்துக்காரர்களுக்கு ஒரு திமிர் உண்டு. எங்களுக்கா கமிட்டி போடத் தெரியாது? பராந்தக சோழன் காலத்திலேயே, கி.பி. 919-லும் 921-லும், வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் விதிமுறைகளை வெட்டி வைத்த ஊராச்சே! முப்பது குடும்பு. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னைப் பார்க்க ஒரு வாரியம். கணக்குக் காட்டாமல் நழுவியவர் மறுபடி நிற்க முடியாது. அவர் மட்டுமா? மாமனார், மச்சான், மருமகன் வரை யாரும் நிற்கக்கூடாது! இன்றைக்கு அதை அமல்படுத்தினால் பல ஊர்களில் நாற்காலி காலி.

ஆனால் அந்தக் காலத்தை ரொம்பவும் தூக்கிப் பிடிக்க வேண்டாம். நிலமும் வேத ஞானமும் உள்ள ஆண்களின் சபை அது. குழந்தைகளுக்கு அதில் ஒரே வேலைதான். ஓலைச்சீட்டைக் குடத்தில் போட்டுக் குலுக்கிய பிறகு, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். அவனுக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான் அவன் தகுதி.

எங்கள் குழு அவ்வளவு பழசில்லை. 2009-ல் மத்திய அரசு கொண்டுவந்த ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் பிறந்தது. திட்டத்துக்கு இப்போது 'மிஷன் வாத்சல்யா' என்று பெயர். ஊராட்சித் தலைவர்தான் குழுவுக்கும் தலைவர். ஹெட்மாஸ்டர், பால்வாடி டீச்சர், நர்ஸம்மா, மகளிர் குழு அம்மா ஒருவர், இரண்டு பிள்ளைகள், அப்புறம் என்னை மாதிரி ஊருக்கு உபயோகமானவர்கள். வி.ஏ.ஓ.வையும் வரச்சொல்லியிருந்தார் தலைவர்.

முதல் கூட்டம் ஆகஸ்ட் மாதம், பள்ளிக்கூடத்தில். ஆளுக்கொரு ரிஜிஸ்டரோடு வந்தார்கள். பிரச்னை உள்ள பிள்ளைகள் யாராவது உண்டா என்று தலைவர் கேட்டார். எல்லோரும் ஒரே குரலில் "இல்லீங்க" என்றார்கள். பத்து நிமிஷத்தில் கூட்டம் முடியும், பதினொன்றரை பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று மனக்கணக்குப் போட்டேன்.

மினிட்ஸில் ஒரு வரியாவது எழுத வேண்டுமே என்று, "பள்ளிக்கு வராத பசங்க பேரு ஏதாவது?" என்றேன்.

ஹெட்மாஸ்டர் புரட்டினார். ஆறாம் வகுப்பில் ஒரு பையன். ஏரிக்கரை இருளர் வீட்டுப் பிள்ளை. ஜனவரியிலிருந்து வரவில்லை. "குடும்பத்தோட போயிட்டாங்க சார். எமிஸ்ல பொதுத் தொகுப்புக்கு அனுப்பிட்டேன்."

பால்வாடி டீச்சர் தன் நோட்டைப் பார்த்தார். "அவன் தங்கச்சி, மூணு வயசு. 'குடிபெயர்ந்தது'ன்னு எழுதியிருக்கேன்."

நர்ஸம்மா: "அந்தக் கொழந்தைக்கு ஒரு ஊசி பாக்கி. நான் போனப்போ ஆள் இல்லை."

வி.ஏ.ஓ.: "அந்த எடத்துல வீடே கெடையாது சார். ஏரிப் புறம்போக்கு."

ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாங்க் ரீகன்ஸிலியேஷன் என்று ஒன்று உண்டு. நம் கேஷ் புக்கும் சரியாக இருக்கும், பாங்க் பாஸ் புத்தகமும் சரியாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மட்டும் உதைக்கும்! நாலு பேரும் சொன்னது பொய்யில்லை. நாலு நோட்டிலும் தப்பில்லை. பிள்ளைகளைத்தான் காணோம்.

அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் பிரதிநிதி, எட்டாவது படிக்கும் பெண், எழுந்து நின்றாள். பஞ்சாயத்துக் குடத்தில் சீட்டெடுத்த பையனுக்கு நேர் எதிர். இவளுக்கு எல்லாமே தெரிந்திருந்தது.

"சார், அவங்க எங்கியும் போவல. ஜூன் மாசமே சேம்பர்லேர்ந்து வந்துட்டாங்க. அவன் மாடு மேய்க்கிறான். நான் ஸ்கூலுக்கு வரும்போது டெய்லி கை காட்டுவான்."

சேம்பர் என்பது எங்கள் பக்கத்தில் செங்கல் சூளை. பொங்கல் முடிந்ததும் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு லாரி ஏறுவார்கள். மழைக்கு முன்னால் திரும்புவார்கள். போனதை எல்லோரும் எழுதிவிட்டார்கள். வந்ததை எழுத யார் நோட்டிலும் கட்டம் இல்லை.

பஸ் போனால் போகட்டும் என்று எல்லோரும் நடந்தோம். பள்ளிக்கூடத்திலிருந்து ஏரிக்கரைக்குப் பத்து நிமிஷம்கூட இல்லை. சோழன் காலத்தில் வாரியம் போட்டுப் பார்த்துக்கொண்ட மாதிரியான ஏரிக்கரைதான். இத்தனை ஆபீஸர்களை மொத்தமாகப் பார்த்ததும் பையன் மாட்டை விட்டுவிட்டு ஓடினான். அவன் அப்பா, குடிசையைக் காலி செய்யத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு மினிட்ஸ் நோட்டை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை.

"ஏம்ப்பா, புள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பல?"

"போன வருசமே ஆதார் கேட்டாங்க சாமி. அது இல்லாம எப்படி மறுபடி வரது?"

ஹெட்மாஸ்டர் பாவம், ஆடிப்போனார். "ஸ்காலர்ஷிப்புக்குத்தான்ய்யா கேட்டேன்! ஸ்கூலுக்கு யாரு கேட்டா?" 2009-ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டம், வயதுச் சான்று இல்லை என்பதற்காக ஒரு குழந்தையைப் பள்ளியில் சேர்க்க மறுக்கக்கூடாது என்கிறது. ஹெட்மாஸ்டருக்கு அது தெரியும். ஏரிக்கரைக்குத் தெரியாது.

ஆதார் ஏன் இல்லை? பிறப்புச் சான்றிதழ் இல்லை. அது ஏன் இல்லை? பையன் பிறந்தது வேறு மாவட்டத்துச் சேம்பரில், ஒரு கீற்றுக் கொட்டகையில். யாரும் பதியவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் தாண்டிய பிறப்பைப் பதிய மேலே இருந்து உத்தரவு வேண்டும். உத்தரவுக்கு ஆதாரம் வேண்டும். ஆதாரமாகப் பள்ளிப் பதிவேட்டைக் காட்டலாமா என்றால், அதில் இருக்கும் பிறந்த தேதி, ஒண்ணாங் கிளாஸ் டீச்சர் குத்துமதிப்பாகப் போட்ட ஜூன் மாதத் தேதி. (என் அப்பாவும் ஜூன்தான். அந்தத் தலைமுறையில் பாதிப் பேருக்கு வாத்தியார்தான் பிரம்மா!)

ஒவ்வொரு கதவாகத் தட்டினால் அந்த அப்பாவுக்கு எத்தனை நாள் கூலி போகும்? அன்றைக்குக் கதவுகள் எல்லாம் நடந்து ஏரிக்கரைக்கே வந்திருந்ததால், வேப்ப மரத்தடியில் அரை மணியில் மனு எழுதினோம். கையெழுத்துக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. அடுத்த புதன்கிழமை தங்கச்சிக்கு ஊசி. மறுநாளே பால்வாடி, முதல் நாள் கூரை பிய்ந்துபோகிற மாதிரி அழுதாள், முட்டை போட்ட அன்றைக்கு நிறுத்தினாள்.

பையன் ஆறாவதில் உட்கார்ந்திருக்கிறான். அவன் வயசுப் பிள்ளைகளைவிட உயரம் என்பதால் கடைசி பெஞ்ச். கணக்கு வருகிறது, தமிழ் வாசிக்கத் திணறுகிறான் என்றார் ஹெட்மாஸ்டர். பிறப்புச் சான்றிதழ் இன்னும் வரவில்லை. நானும் போன் செய்துகொண்டுதான் இருக்கிறேன்.

எங்கள் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறது. அடுத்தது ஜனவரிக் கடைசியில் என்று தலைவர் சொன்னார். சேம்பர் லாரி பொங்கல் முடிந்த கையோடு வந்துவிடும். தாத்தா பாட்டியிடம் பையனை விட்டுப் போவதற்கு அப்பா அரை மனசாகத் தலையாட்டியிருக்கிறார். தங்கச்சியைப் பற்றிக் கேட்டதற்குத் தலையாட்டவில்லை. சேம்பர் இருக்கும் ஊர் எந்த நர்ஸம்மாவுக்குச் சேர்ந்தது என்று எங்கள் நர்ஸம்மா விசாரித்துக்கொண்டிருக்கிறார். நான் தலைவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறேன்: கூட்டத்தைப் பொங்கலுக்கு முன்னால் வையுங்கள்.

"பாக்கலாம்" என்றிருக்கிறார்.