தட்டுற கார்டும் என் மச்சினனும்

விசிட்டிங் கார்டை இனிமே அச்சடிக்கவே வேணாம், ஒரே ஒரு கார்டு வாங்கி ஆயுசுக்கும் வச்சுக்கலாம், எதிராளி போன்ல ஒரு தட்டு தட்டினா பேரு, நம்பரு, வாட்ஸ்அப்பு, மேப்பு எல்லாம் அவருக்குப் போயிடும்... இப்படித்தான் விளம்பரம் பண்றாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா தட்டும்போது நிஜமா என்ன போகுதுன்னு யாரும் விளக்கமா சொல்றதில்லை. மச்சினன் புண்ணியத்துல அதைக் கொஞ்சம் நோண்டிப் பாக்க வேண்டி வந்தது. உங்கள்ல யாருக்காவது உபயோகப்படலாம்னு எழுதறேன்.

மச்சினனுக்கு மதுரையில இன்வெர்ட்டர், பேட்டரி சர்வீஸ் தொழில். கடை கிடையாது. ஒரு பைக்கு, ஒரு டூல்ஸ் பை, ஒரு போன், அவ்ளோதான். அந்த போனுக்கு வர்ற கால்தான் அவன் வீட்டுல உலை வைக்குது. 2023-ல ஒரு பையன் வந்து பேசி, கறுப்புல தங்க எழுத்துப் போட்ட கார்டு ஒண்ணும், அதே மாதிரி வேலை செய்யற ஸ்டிக்கர் ஐம்பதும் வித்துட்டுப் போனான். சர்வீஸ் பண்ற வீட்டுல எல்லாம் இன்வெர்ட்டர் பக்கத்துச் சுவத்துல ஒண்ணு ஒட்டிட்டு வந்தான் மச்சினன். "பாருங்கத்தான், இனிமே யாரும் என் நம்பரைத் தேட வேணாம். போனைக் கிட்ட கொண்டுபோனா போதும்" என்று அவனுக்கு ஒரே பெருமை.

வருஷம் ஒண்ணு ஆச்சு. ஒருநாள் மார்க்கெட்ல பழைய கஸ்டமர் ஒருத்தர், ரிட்டயர்டு டீச்சரம்மா, அவனைப் பாத்துட்டு, "ஏம்ப்பா, தொழிலை விட்டுட்டியா?" என்று கேட்டிருக்காங்க. ஸ்டிக்கர்ல போனை வச்சா 'இந்தப் பக்கம் இப்போது செயலில் இல்லை'ன்னு வருதாம். அவங்க வேற ஆளைக் கூப்பிட்டு பேட்டரியும் மாத்தியாச்சு. விசாரிச்சா, கார்டு வித்த கம்பெனிக்கு வருஷச் சந்தா கட்டணுமாம். வாங்கும்போது அதைச் சொல்லலை. நினைவூட்டல் ஏதோ மெயில்ல வந்திருக்கு. இவன் மெயில் பாத்து எந்தக் காலம்! ஆக, ஐம்பது வீட்டு ஸ்டிக்கரும் ரெண்டு மாசமா ஊமை.

இது எப்படி நடக்குதுன்னு பாப்போம். கார்டுக்குள்ள பேட்டரி கிடையாது. ஒரு துளி சிப்பும், அதைச் சுத்தி மெல்லிய கம்பிச் சுருளும்தான். போன் அனுப்பற 13.56 மெகாஹெர்ட்ஸ் அலையில இருந்தே சிப்புக்கு மின்சாரம் கிடைக்குது. அதனாலதான் சில சென்டிமீட்டர் தூரத்துக்குள்ள கொண்டுபோகணும். இதுக்குப் பேரு என்.எஃப்.சி. இந்த ஸ்டிக்கர்கள்ல பரவலா இருக்கற என்டேக் 213 சிப்புல நாம எழுத இருக்கற இடம் வெறும் 144 பைட். பெரிய அண்ணன் 216-ல 888 பைட். போட்டோ, லோகோவுக்கெல்லாம் அங்க ஏது இடம்?

அதனால கம்பெனிக்காரங்க சிப்புல உங்க நம்பரை எழுதறதில்லை. அவங்க சர்வர்ல இருக்கற ஒரு பக்கத்தோட முகவரியை மட்டும் எழுதறாங்க. இன்னொரு காரணமும் இருக்கு. தனியா ஆப் எதுவும் இல்லாம ஐபோன் படிச்சு எடுத்துக்கறது லிங்க் வகையை மட்டும்தான். முழு விகார்டையே சிப்புல போட்டாலும் அது கண்டுக்காது. ஆக, தட்டும்போது போறது உங்க நம்பர் இல்லீங்க. உங்க நம்பர் குடியிருக்கற வாடகை வீட்டோட விலாசம். வாடகை நின்னா கதவைச் சாத்திடுவாங்க :-)

இன்னொரு கூத்து. இன்வெர்ட்டர்காரனை ஜனங்க எப்போ தேடுவாங்க? கரண்ட் போய், இன்வெர்ட்டரும் கை விட்டப்போ. அப்போ வீட்டு வைஃபையும் படுத்திருக்கும். மாடிப்படிக்குக் கீழ இருக்கற மூலையில டேட்டா சிக்னல் இழுத்துக்கிட்டுக் கிடக்கும். போன் கால் போகும், ஆனா பக்கம் திறக்காது.

புதுசு புதுசா வர்ற வழிகளுக்கு ஆயுசு கம்மிங்கறதும் பழைய கதைதான். ரெண்டு போனை முட்டிக்கிட்டா விவரம் மாறிக்கற 'பம்ப்' ஆப் 2009-ல வந்தது, 2013-ல கூகுள் வாங்கிச்சு, 2014 ஜனவரியில மூடியாச்சு. 2011-ல ஆண்ட்ராய்டு பீம் வந்தது, 2019-ல ஆண்ட்ராய்டு 10 வந்தப்போ அதையும் ஓரங்கட்டினாங்க. 2023-ல வந்த நேம்டிராப் ஆப்பிள் சாதனங்களுக்கு நடுவுல மட்டும். இத்தனைக்கும் நடுவுல பத்து இலக்க நம்பர் பாட்டுக்கு அப்படியே இருக்கு.

அதுக்காகத் தட்டறதே வேஸ்ட்டுன்னு சொல்ல வரலை. மச்சினனுக்கு நாங்க பண்ணினதைச் சொல்றேன். கடையில காலி ஸ்டிக்கர் கிடைக்குது, ரெண்டு டீ காசுதான் ஒண்ணு. போன்ல ஒரு இலவச ஆப் போட்டு, வெப்சைட் லிங்குக்குப் பதிலா டெலிபோன் லிங்கா அவன் நம்பரையே சிப்புல எழுதினோம். 144 பைட்டுல அது ஒரு மூலைக்குக் காணாது. ஐபோனும் சரி, என்.எஃப்.சி. இருக்கற ஆண்ட்ராய்டும் சரி, கிட்ட வச்சா கால் பண்ணவான்னு கேக்கும். நெட் வேணாம், சர்வர் வேணாம், சந்தாவும் வேணாம். கார்டோட பின்பக்கம் விகார்டையே க்யூஆர் கோடாப் போட்டாச்சு. கேமராவைக் காட்டினா நெட் இல்லாமலே நம்பரை சேவ் பண்ணிக்கலாம்.

ரெண்டு விஷயம் ஞாபகம் வச்சுக்கோங்க. எழுதி முடிச்சதும் சிப்பைப் பூட்டிடணும். இல்லேன்னா எந்தப் போட்டிக்காரனும் தன் போனை வச்சு அவன் நம்பரை எழுதிட்டுப் போயிடலாம். ஆனா பூட்டினா திரும்ப மாத்த முடியாது, அதனால நம்பரை ரெண்டு தடவை சரிபாருங்க. அடுத்தது, சாதா ஸ்டிக்கரை இரும்புத் தகடு மேல ஒட்டினா போன் படிக்காது. அதுக்கு ஃபெரைட் அடுக்கு வச்சது தனியா வருது, அதைக் கேட்டு வாங்கணும்.

நம்பர் மாறிடுமோ, கடை இடம் மாறுமோன்னு யோசிக்கறவங்களுக்கு லிங்க்தான் தோது, ஒத்துக்கறேன். அப்போ சொந்தமா ஒரு டொமைன் வாங்கி, சிப்புல அதை எழுதுங்க. பக்கத்தை எந்தக் கம்பெனிக்கு மாத்தினாலும் விலாசம் உங்க கையில இருக்கும்.

மச்சினன் இப்போ ஞாயித்துக்கிழமை தோறும் நாலு வீடா போய் பழைய ஸ்டிக்கரைச் சுரண்டிட்டு புதுசு ஒட்டிக்கிட்டு இருக்கான். சிப்புக்கு மேலேயே நம்பரை இருட்டுலயும் தெரியற மாதிரி கொட்டை எழுத்துல அச்சடிச்சிருக்கோம். டீச்சரம்மா வீட்டுக்கும் போய் ஒட்டிட்டு வந்துட்டான். அடுத்த பேட்டரி மாத்த இன்னும் மூணு நாலு வருஷம் ஆகும், பரவாயில்லைங்கறான்.