தீவகத்தில் மூன்று தங்குமிடங்கள்

படம் பிடிப்பதற்காக ஊர் ஊராய் அலையும் என்னிடம், "எந்த விடுதி நல்லது?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. மெத்தையையும் சாப்பாட்டையும் எண்ணி அவர்கள் கேட்கிறார்கள். நானோ வெளிச்சத்தைப் பார்ப்பவன். விடியுமுன் கதவு திறப்பார்களா, கதிரவன் எந்தப் பக்கம் எழுவான் என்பனவே என் விசாரணை. அவ்வகையில், யாழ்ப்பாணத்துத் தீவகத்திலே என் மனத்துக்கினிய இடங்கள் மூன்று.

முதலாவது, ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலுக்குள் நிற்கும் கடற்கோட்டை. போர்த்துக்கேயர் கட்டிய இது 1658 இல் ஒல்லாந்தர் வசமாயிற்று. இலங்கை ஒரு பன்றித் தொடையின் வடிவினதென்று கண்ட அவர்கள், இதற்கு ‘ஹமன்ஹீல்’, அதாவது தொடையின் குதிக்கால், எனப் பெயரிட்டனர். பின்பு சிறைச்சாலையாகி, 1971 கிளர்ச்சியிற் பிடிபட்டோரையும் அடைத்து வைத்த அக்கோட்டையை இப்போது கடற்படையினர் விடுதியாக்கியுள்ளனர். அந்தி வெயில் மதிலிலே படியும் அழகுக்கு ஈடில்லை. ஆயினும், வெளியேறத் துடித்தவர்கள் கிடந்த இடத்திலே பணங்கொடுத்துப் படுக்கிறோமே என்ற நினைவு உறக்கத்தைச் சற்றுக் கலைக்கவே செய்யும்.

மற்றை இரண்டுக்கும் வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் சென்று படகேற வேண்டும். 1990 முதல் போரினால் இடம்பெயர்ந்து கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் குடியேறியோரின் வீடுகள் பல, வழியெங்கும் கூரையின்றி நிற்கின்றன. கூரையில்லாத வீட்டினுள் வெளிச்சம் தாராளமாய் விழும். படமும் நன்றாகவே வரும். "வாருங்கள்" என்று சொல்லத்தான் ஆளில்லை.

நயினாதீவிலே, நாகபூஷணி அம்பாள் ஆலயத்தை அடுத்த அடியார் மடங்கள் எனக்குப் பிரியமானவை. திருவிழாக் காலத்தில் அங்கே பாய் விரிக்க இடம் கிடைப்பதே பெரும் பேறு. மணிமேகலை அமுதசுரபி பெற்ற மணிபல்லவம் இத்தீவே எனக் கருதுவோர் உளர். அன்னதான மண்டபத்துக்கும் அமுதசுரபி என்றே பெயர். பந்தியில் அமர்ந்து பசியாறுவோர் கமராவைக் கண்டு விறைப்பதில்லை. முகங்களைப் படம் பிடிக்க அதனிலும் சிறந்த இடத்தை நான் அறியேன்.

நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடற்பயணம். அநேகர் பவளக்கல் வேலிகளையும் பெருக்கமரத்தையும் பார்த்துவிட்டு அன்றே திரும்பி விடுகின்றனர். விடியற்காலையில் வெட்டைவெளியிலே மட்டக்குதிரைகள் கூட்டமாய் நிற்கும் காட்சி, இரவு தங்கியவனுக்கே கிட்டும். நான் தங்குவது ஒரு மூதாட்டி வாடகைக்கு விடும் சிறு அறை. "தம்பி, குதிரை நாளைக்கும் நிக்கும், புட்டுத்தான் ஆறிப்போகும். வந்து சாப்பிடுங்கோ" என்று அவர் அழைப்பார்.

அந்த அறைக்கு ஒரேயொரு சிறிய யன்னல். படம் பிடிக்க வெளிச்சம் போதாது. எனினும் மூன்றிலும் அதற்கே முதலிடம் கொடுப்பேன். வீடுகள் இருண்டுபோன தீவகத்திலே, வருகிறவனுக்கென ஒருவர் விளக்கேற்றி வைத்துக் காத்திருப்பது சிறிய காரியமன்று.

தீவகம் செல்லும் அன்பர்களே, பகற்பொழுதோடு திரும்பி விடாதீர்கள். ஓரிரவேனும் தங்குங்கள். தங்குவோர் இருந்தால்தான் விளக்கேற்றுவோரும் இருப்பர்.