ஓரிக்கையின் கஞ்சியும் காற்றும்

காஞ்சிபுரம் செல்வோர் பெரும்பாலும் பட்டுக் கடைகளோடு திரும்பிவிடுகின்றனர். அடுத்த முறை திருமணச் சேலை எடுக்கச் செல்லும்போது, நகரின் தெற்கே, பாலாற்றின் வடகரையில் உள்ள ஓரிக்கைக்கும் சென்று வாருங்கள். திருமழிசை ஆழ்வாரைப் பின்தொடர்ந்து புறப்பட்ட பெருமாள் ஓரிரவு தங்கியதால் 'ஓரிரவிருக்கை' என்பதே ஓரிக்கையாயிற்று என்று பெயர்க் காரணம் கூறுவர்.

நெசவாளர் வாழும் தெருக்களுக்குக் காலையிலேயே சென்றுவிடுங்கள். பட்டுப் பாவைத் தெருவில் நீளமாக விரித்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, இளவெயிலில் உலர்த்துவது இவ்வட்டாரத் தறிக்காரர்களின் வழக்கம். கஞ்சி ஏறாத இழை தறியின் இழுப்பைத் தாங்காது, அறுந்துபோகும். ரமலானில் நாம் அருந்தும் நோன்புக் கஞ்சியில் உள்ள அதே மாவுச்சத்துதான் பட்டிழைக்கும் வலிமை தருகிறது.

அந்த மாவுச்சத்து எங்கிருந்து வந்தது? மண்ணிலிருந்து என்றே பலர் எண்ணுகின்றோம். உண்மையில் அதன் கரி முழுவதும் காற்றிலிருந்து வந்தது. நெற்பயிரின் பச்சை இலை காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் தரும் நீரையும் கொண்டு, சூரிய ஒளியின் துணையால் சர்க்கரை செய்கிறது. இதுவே ஒளிச்சேர்க்கை. சர்க்கரைக் கண்ணிகள் ஒருவிதமாகக் கோக்கப்பெற்றால் மாவுச்சத்து. வேறுவிதமாகக் கோக்கப்பெற்றால் பருத்தி நூலாகும் நார்ச்சத்து. பட்டு மட்டும் புரதம். ஆயினும் அதைத் தரும் புழு ஏறக்குறைய 25 நாள் மல்பெரி இலையை மட்டுமே தின்று கூடு கட்டுகிறது. ஆகவே பட்டின் கரியும் காற்றின் கரியே.

உண்ட கஞ்சியின் கரி நம் மூச்சில் வெளியேறுகிறது. மீண்டும் ஏதோ ஓர் இலை அதை வாங்கிக்கொள்கிறது. இக்கணக்கில் இடர் இல்லை. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் கணக்கோ வேறு. அதுவும் ஒரு காலத்தில் இலையும் மரமுமாக இருந்ததே. ஆனால் கோடி ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்குள் அடங்கிக் கிடந்தது. உலகெங்கும் அத்தகைய நிலக்கரியையும் எண்ணெயையும் சில தலைமுறைக்குள் எரித்துவிட்டோம். தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டியுள்ளது. நாம் வெளியிடுவதில் ஏறக்குறையப் பாதியைத் தாவரங்களும் மண்ணும் கடலும் உட்கொள்கின்றன. எஞ்சியது மேலேயே தங்கிப் புவியைச் சூடாக்குகிறது. மரம் நட்டால் தீர்ந்துவிடும் என்போர் இந்தப் பாதியை மறந்துவிடுகின்றனர். நடுவது நல்லதே, ஆயினும் மரம் மடிந்து மக்கும்போது அதன் கரியும் காற்றுக்கே திரும்பும்.

இதற்கும் ஓரிக்கைக்கும் என்ன தொடர்பு என்கிறீர்களா? காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும். பெய்தால் கொட்டித் தீர்க்கும். 2015ஆம் ஆண்டின் இறுதியில் காஞ்சிபுரம் மாவட்டம் வெள்ளக்காடாயிற்று. பெரும்பாலும் மணலாகக் கிடக்கும் பாலாறு 2021 நவம்பரில் கரைபுரண்டது. ஒவ்வொரு மழைக்கும் புவி வெப்பமே காரணம் என்று கூறிவிட இயலாது. ஆனால் பெருமழைகளின் வேகம் அதனால் கூடுகிறது.

நெசவாளரின் கால்மிதி தரைக்குக் கீழே குழியில் இருக்கிறது. மழைக்காலத்தில் அக்குழித்தறியில் நீர் ஊறிவிடும். வெளியே பாவு விரிக்க வெயில் இல்லை. ஈரக் காற்றில் கஞ்சி உலர்வதில்லை. கூலியோ நெய்து முடித்த சேலைக்குத்தான். சேலை விலையில் பேரம் பேசுமுன், அந்தக் குழியை ஒருமுறை எட்டிப் பாருங்கள்.